அறிந்து செய்யும் சிறப்பு

நுழையும்முன்

நன்றி கூறுதல் எளிது. நன்றிக்குரிய செயலை அறிந்து கூறுதல் அரிது. பள்ளிதோறும் ஆசிரியர் நாள் கொண்டாடப்படுகிறது. மாலையும் மேடையும் பரிசும் அந்நாளில் இடம்பெறுகின்றன. ஆயினும், பள்ளியை நாள்தோறும் இயக்கும் பணியாளர் அனைவரையும் நாம் அறிந்திருக்கிறோமா? மிகுந்த பொருட்செலவின்றி அவர்களைச் சிறப்பிக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

கருவை நல்லூர் கற்பிக்கும் பாடம்

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் கரிவலம்வந்தநல்லூர். திருக்கருவை என்று இலக்கியங்கள் இவ்வூரைப் போற்றுகின்றன. பால்வண்ணநாதர் எழுந்தருளியுள்ள இத்தலத்தின்மீது ‘திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி’ உள்ளிட்ட மூன்று அந்தாதி நூல்கள் பாடப்பட்டுள்ளன. ‘வெற்றிவேற்கை’ என்னும் நீதிநூலை இயற்றிய அதிவீரராம பாண்டியரின் பெயரோடும் இவ்வூர் இணைத்துப் பேசப்படுகிறது. கல்வியின் சிறப்பைத் தமிழ்ப்பிள்ளைகள் மனத்தில் பதித்த நூல் வெற்றிவேற்கை. ஆகவே, கற்பிப்போரைப் போற்றுதல் பற்றிய சிந்தனையை இவ்வூரிலிருந்து தொடங்குவது பொருத்தமேயாகும்.

புலமை மிக்க பாண்டியர் ஒருவரின் ஏட்டுச்சுவடிகள் இவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்றார் உ.வே. சாமிநாதர். பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த அவர், ஆவலுடன் இங்கு வந்து விசாரித்தார். அவருக்குக் கிடைத்த விடை நெஞ்சை உறையச் செய்வதாக இருந்தது. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடவேண்டும் என்பது விதி எனக் கருதி, அவ்வாறே செய்துவிட்டதாகக் கூறினர். தம் வாழ்வில் பட்ட பெருந்துயரங்களுள் ஒன்றாக இதனை அவர் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்வில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஏடுகளை எரித்தவர்கள் அவற்றை அவமதிக்க எண்ணவில்லை; சிறப்புச் செய்வதாகவே நினைத்தனர். நெய்யும் வேள்வியும் மரியாதையின் அடையாளங்களே. ஆனால், ஏட்டினுள் என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. பொருளறியாமல் செய்த சிறப்பு, சிறப்பிக்கப்பட்ட பொருளையே அழித்துவிட்டது. மனிதரைச் சிறப்பிக்கும்போதும் இவ்வாறு நேர்வதுண்டு. ஒருவர் என்ன செய்கிறார் என்பதை அறியாமல் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது, படிக்காத ஏட்டுக்கு நெய் வார்ப்பதை ஒத்ததாகும்.

பரிசிலும் பாராட்டும்

ஆற்றலை மதித்துப் பரிசில் வழங்குதல் தமிழர்தம் தொன்மையான மரபு. பாணர்க்குப் பொற்றாமரையும் புலவர்க்கு யானையும் தேரும் வழங்கிய வள்ளல்களைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. எனினும், இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் மக்கள் மறவாத பரிசுகள் விலை மிகுந்தவை அல்ல. அதியமான் ஔவைக்கு அளித்தது ஒரு நெல்லிக்கனி. அக்கனியை அடைவதன் அருமையும், தானே உண்டு நெடுநாள் வாழ விரும்பாமல் புலவரை வாழவைக்க எண்ணிய உள்ளமும் அதனை ஈடற்ற பரிசாக்கின.

மோசிகீரனார் என்னும் புலவர் களைப்பு மிகுதியால், அறியாமல் முரசுகட்டிலில் படுத்து உறங்கிவிட்டார். அது தண்டனைக்குரிய குற்றம். அவ்வழியே வந்த சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, வாளை ஓங்காமல் கவரி எடுத்து அவருக்கு வீசினான். இச்செய்தியைப் புறநானூறு பதிவு செய்துள்ளது. மன்னன் அங்குச் செலவிட்ட பொருள் ஏதுமில்லை. உழைத்துக் களைத்தவரின் களைப்பை அறிந்து, அதற்கேற்ற செயலை உரிய நேரத்தில் செய்தான். பாராட்டு என்பதன் உயிர்நிலை இதுவேயாகும். திருவள்ளுவரும் செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தில், உதவியின் அளவைவிட அதன் காலத்தையும் பெற்றவரின் பண்பையுமே பெரிதாகப் பேசுகிறார்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி உ.வே.சா. அவர்களுக்குக் கிடைக்கக் காரணமாக இருந்தவர் தியாகராச செட்டியார். அவ்வுதவியை மறவாத உ.வே.சா., சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்டார். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆசிரியர் மறைந்தது 1876இல். அவருடைய வரலாற்றின் முதற்பாகம் வெளிவந்தது 1933இல். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நெஞ்சில் காத்த நன்றி அது. ஆசிரியர் எவ்வாறு பாடம் சொன்னார், எவ்வாறு பேசினார், மாணவர்பால் எத்தகைய அன்பு காட்டினார் என்பனவற்றை நுட்பமாக அறிந்திருந்தமையால்தான் அவ்வரலாற்றை எழுத அவரால் இயன்றது.

ஊர் கூடிப் பேணிய பள்ளி

பள்ளியைச் சிறப்பிப்பது செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழகக் கல்வி வரலாறும் மெய்ப்பிக்கிறது. காமராசர் முதலமைச்சராக விளங்கிய காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றினார். பாரதி பிறந்த எட்டயபுரத்தில் 1956ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்திற்கு ஊர்மக்களின் நன்கொடையும் துணைநின்றது. அறுவடைக் காலத்தில் தானியம் தந்தோர் உண்டு. விறகும் காய்கறியும் தந்தோர் உண்டு.

1958ஆம் ஆண்டு முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. தம் ஊர்ப்பள்ளிக்கு எவை தேவை என்பதை மக்களே பட்டியலிட்டனர். கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், சீருடை, கட்டடம் எனத் தத்தம் ஆற்றலுக்கேற்ப வழங்கினர். முதலில் தேவையை அறிதல், பின்னர் இயன்றதைத் தருதல் என்னும் இவ்வொழுங்கே அவ்வியக்கம் பரவக் காரணமாயிற்று. இன்றைய மாணவர் நடத்தும் ஒரு சிறுவிழாவிற்கும் இவ்வொழுங்கு பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

• திருத்தணியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்தநாளான செப்டம்பர் 5, இந்தியாவில் 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

• ஆசிரியர்களின் நிலை குறித்த பன்னாட்டுப் பரிந்துரை 1966 அக்டோபர் 5 அன்று ஏற்கப்பெற்றது. அதனை நினைவுகூரும் வகையில் 1994 முதல் அந்நாள் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

• தாய்லாந்து மாணவர்கள் ‘வை குரு’ என்னும் விழாவில் அறுகம்புல், வெட்சிப்பூ, கத்தரிப்பூ ஆகியவற்றை ஆசிரியர் முன் வைத்து வணங்குகின்றனர். விடாமுயற்சி, கூர்த்த அறிவு, பணிவு ஆகியவற்றின் குறியீடுகளாக இவை கருதப்படுகின்றன.

• தென்கொரியாவில் மே 15 ஆசிரியர் நாளாகும். அங்கு 2016இல் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, மாணவர் ஒருவர் தனியாக ஆசிரியருக்குச் சிறுபரிசு தருவதும் தவிர்க்கப்படுகிறது. மாணவர் பிரதிநிதி அனைவர் முன்னிலையிலும் மலர் அளிக்கலாம்.

யாரைப் பாராட்டுவது?

ஆசிரியர் நாள் என்றதும் வகுப்பறையில் பாடம் நடத்துவோரே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால், பள்ளி என்பது பலர் கைகளால் இயங்கும் அமைப்பு. காலையில் வாயிற்கதவைத் திறப்பவர் ஒருவர். மணி அடிப்பவர் ஒருவர். வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு முன்பாகக் கரைசல்களை ஆயத்தம் செய்து, தேர்வுக்குப் பின்னர்ச் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குபவர் ஆய்வக உதவியாளர். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவரும், மாற்றுச் சான்றிதழில் பெயரும் பிறந்தநாளும் பிழையின்றி அமையுமாறு காப்பவரும் அலுவலகப் பணியாளர்களே. 1982ஆம் ஆண்டு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின்கீழ் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் ஆகியோர் பணிபுரிகின்றனர். கழிவறையைத் தூய்மை செய்பவரும் இரவுக் காவலரும் பெரும்பாலும் மாணவர் கண்ணில் படுவதேயில்லை. ஏனெனில், அவர்களின் வேலை நாம் வருவதற்கு முன்போ சென்ற பின்போ நிகழ்கிறது.

கண்ணில் படாத உழைப்புக்குப் பாராட்டும் கிட்டுவதில்லை. ஆதலின், விழாவுக்கு முதற்பணி பந்தல் அமைப்பதன்று, பட்டியல் அமைப்பதாகும். பள்ளியில் பணியாற்றும் ஒவ்வொருவர் பெயரையும், பகுதிநேரப் பணியாளர் உட்பட, விடுபடாமல் எழுதவேண்டும். பின்னர் மாணவர் இருவர் இருவராகச் சென்று, அவர்களின் ஓய்வுநேரத்தில் இசைவு பெற்று உரையாடவேண்டும். நாள்தோறும் எத்தனை மணிக்குப் பணி தொடங்குகிறது, எது கடினமான வேலை, மாணவர் எதைச் செய்தால் வேலை எளிதாகும் ஆகிய மூன்று வினாக்கள் போதுமானவை. சொந்த வாழ்வைத் துருவும் வினாக்கள் வேண்டா.

பரிசின் அளவு

விழா என்றவுடன் ஒவ்வொரு மாணவரும் இவ்வளவு தரவேண்டும் என்று தொகை விதிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. 50 ரூபாய் சிலர்க்குச் சிறுதொகை. விசைத்தறிக் கூடத்திலோ பூந்தோட்டத்திலோ அன்றாடக் கூலிக்கு உழைக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு அது ஒருவேளைக் குழம்புச் செலவு. பணம் தர இயலாத மாணவர் அன்று உடல்நலமில்லை என்று கூறி வீட்டில் இருந்துவிடுவார். தன் ஆசிரியருக்கு நன்றி சொல்லும் நாளில் ஒரு மாணவர் தலைகுனிந்து நிற்க நேருமாயின், அவ்விழா தன் நோக்கத்தை இழந்ததாகும். அதனை அறிந்தால் முதலில் வருந்துபவரும் அந்த ஆசிரியராகவே இருப்பார்.

விலையுயர்ந்த பரிசு பெறுபவர்க்கும் இடர் தருவது. அரசுப் பணியாளர் பரிசு பெறுவதற்கு நடத்தை விதிகள் வரம்பு விதித்துள்ளன. மதிப்பெண் வழங்கும் இடத்தில் இருப்பவர், தனி மாணவர் ஒருவரிடமிருந்து பரிசு பெறுவது நடுவுநிலைமை குறித்த ஐயத்தையும் எழுப்பும். நிறைகோலின் நடுவுநிலையை ஆசிரியர்க்கு உவமையாக்குகிறது நன்னூல். அக்கோலின் ஒரு தட்டில் நம் பரிசு சுமையாகிவிடக் கூடாது. எனவே, பரிசு சிறியதாகவும், வகுப்பு முழுமைக்கும் பொதுவானதாகவும், அனைவர் முன்னிலையிலும் வழங்கப்படுவதாகவும் அமைவதே முறை.

சிறுபரிசைத் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. பனையோலைப் பெட்டி, கைத்தறித் துண்டு, மண்குவளை, மரக்கன்று, 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எனத் தென்பாண்டி மண்ணின் பொருள்கள் பல உள்ளன. நம் ஊர் உழைப்பாளரிடம் வாங்கி நம் பள்ளி உழைப்பாளருக்கு வழங்கும்போது, ஒரு செலவில் இரு நன்மைகள் விளைகின்றன. தலைமையாசிரியர்க்கு ஒன்று, தூய்மைப் பணியாளர்க்கு வேறொன்று எனத் தரம் பிரிக்காமல், அனைவர்க்கும் ஒரே பொருளை வழங்குவதே பண்பாகும்.

விழா அமைக்கும் முறை

40 பணியாளர்கள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அப்பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் 1000 ரூபாய்க்குள் ஒரு விழாவைப் பின்வருமாறு திட்டமிடலாம். விலைகள் பருவத்திற்கேற்ப மாறக்கூடியவை.

வண்ணத்தாள், பசை, நூல் – ரூ. 150
சுண்டல் (கொண்டைக்கடலை 2 கிலோ, தேங்காய், தாளிப்பு) – ரூ. 350
தேநீர் 40 பேருக்கு – ரூ. 400
பூ – ரூ. 100
மொத்தம் – ரூ. 1000

ஒரு பணியாளர்க்கு ஆகும் செலவு 25 ரூபாய். இத்தொகையைத் திரட்ட, மூடிய பெட்டி ஒன்றை வகுப்பில் வைக்கலாம். யார் எவ்வளவு இட்டார் என்பது எவர்க்கும் தெரியவேண்டுவதில்லை. பணம் தராதவர் உழைப்பைத் தரலாம். கோலம் இடுவோர், பாடுவோர், மடல் வரைவோர், கடலை ஊறவைத்துக் கொணர்வோர் எனப் பணிகள் பல உள்ளன. திரண்ட தொகை குறைவாயின், தேநீரைத் தவிர்த்து எலுமிச்சைச் சாறு வழங்கலாம். திட்டத்தைத் தொகைக்கேற்பச் சுருக்குவதே முறை; திட்டத்திற்காகத் தொகையை உயர்த்துதல் முறையன்று. வரவு செலவுக் கணக்கை வகுப்பறைச் சுவரில் ஒட்டவேண்டும்.

இவ்விழாவின் மையம் வாழ்த்துமடல். உரையாடலில் திரட்டிய குறிப்புகள் இங்குப் பயன்படும். ‘தாங்கள் செய்யும் அரும்பணிக்கு நன்றி’ என்னும் பொதுவான தொடர் எவருக்கும் பொருந்தும். ஆதலால் எவரையும் தொடுவதில்லை. ‘சென்ற திங்களில் பெருமழை பெய்த நாளில், உணவுக்கூடத்தில் தண்ணீர் புகுந்த பின்னும் எங்களுக்கு உரிய நேரத்தில் உணவளித்தீர்கள்’ என்று எழுதும் மடல், அவருக்கு மட்டுமே உரியது. மடலில் ஒரு செயல், அதனால் விளைந்த பயன், மாணவர்தம் கையொப்பம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

நிகழ்ச்சி 45 நிமிடங்களுக்கு மிகாமல் இருத்தல் நன்று. பாராட்டப்படுவோரை நெடுநேரம் காத்திருக்க வைப்பது பாராட்டாகாது. மேடையில் நிற்கக் கூச்சப்படுவோர் பலர் உண்டு. அவர்களுக்கு அவர்கள் பணிபுரியும் இடத்திற்கே சென்று மடலை அளிக்கலாம். இரவுக் காவலர் பகலில் உறங்கவேண்டியவர். அவர் பணிக்கு வரும் மாலைப்பொழுதில் மாணவர் சிலர் ஆசிரியர் ஒருவருடன் சென்று அவருக்குரியதை வழங்கலாம். வருகை தராதவர் பங்கைத் தனியே எடுத்துவைத்தல் வேண்டும்.

விழாவுக்குப் பின்

விருந்து முடிந்ததும் தேநீர்க் குவளைகளும் இலைகளும் திடலில் சிதறிக்கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவற்றைப் பெருக்குபவர் யார்? சற்றுமுன் மேடையில் பாராட்டுப் பெற்ற தூய்மைப் பணியாளர்தாம். காலையில் வழங்கிய மடலை மாலையில் அக்குப்பை பொய்யாக்கிவிடும். எனவே, விழா நடந்த இடத்தை மாணவரே தூய்மை செய்து, நாற்காலிகளை உரிய இடத்தில் அடுக்கிய பின்னரே விழா நிறைவு பெற்றதாகக் கொள்ளவேண்டும்.

உரையாடலின் மூன்றாம் வினாவுக்குக் கிடைத்த விடைகளே இவ்விழாவின் நிலைத்த பயனாகும். கழிவறையில் தண்ணீர் ஊற்றிச் செல்லுங்கள் என்று ஒருவர் கூறியிருக்கலாம்; தட்டில் உணவை வீணாக்காதீர்கள் என்று மற்றொருவர்; விண்ணப்பங்களைக் கடைசி நாள்வரை வைத்திராதீர்கள் என்று வேறொருவர். இவற்றைப் பட்டியலிட்டு ஓராண்டு முழுவதும் கடைப்பிடிப்பதாக வகுப்பு உறுதி கொள்ளலாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை. பணியாளர்கள் வேண்டிக் கேட்ட ஒரே பரிசும் இதுவாகவே இருக்கும்.

கருவை நல்லூரில் தீயில் இட்ட ஏடுகளில் எத்தகைய நூல்கள் இருந்தன என்பதை இனி எவராலும் அறிய இயலாது. நம் பள்ளியில் உழைப்போரோ நம் கண்முன் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டறிய இன்றும் காலம் இருக்கிறது. மேனிலைக் கல்வி முடித்துப் பள்ளியைவிட்டு வெளியேறுமுன், வாயிற்கதவைத் திறப்பவரின் பெயரையேனும் அறிந்து செல்வோம். அறிந்து செய்யும் சிறப்பே சிறப்பு.

சொற்பொருள்

பரிசில் – புலமை, கலை ஆகியவற்றை மதித்துத் தரும் கொடை
முரசுகட்டில் – வீரமுரசை வைக்கும் கட்டில்
கவரி – விசிறுவதற்குரிய மயிர்க்கற்றை
நிறைகோல் – தராசு

இலக்கணக் குறிப்பு

நெய்யும் வேள்வியும் – எண்ணும்மை
சிறுபரிசு – பண்புத்தொகை
எரித்தவர் – வினையாலணையும் பெயர்
படிக்காத ஏடு – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

நினைத்தனர் – நினை + த் + த் + அன் + அர்
நினை – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் பணிபுரியும் ஒருவருடன் உரையாடி, அவருடைய ஒருநாள் பணியை ஒருபக்க அளவில் எழுதுக.
2. அவருக்கு மட்டுமே பொருந்தும் வகையில் வாழ்த்துமடல் ஒன்றை உருவாக்குக.
3. உங்கள் வகுப்பு நடத்தக்கூடிய பாராட்டு விழா ஒன்றிற்கு உங்கள் ஊர் விலைநிலவரப்படி வரவு செலவுத் திட்டம் அமைக்க.

மதிப்பீடு

குறுவினா
1. உ.வே.சா. தம் இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்டது ஏன்?
2. வாழ்த்துமடலில் இடம்பெற வேண்டிய மூன்று கூறுகள் யாவை?

சிறுவினா
1. பெருஞ்சேரல் இரும்பொறையின் செயல் பாராட்டின் உயிர்நிலையாவது எங்ஙனம்? விளக்குக.
2. பரிசு சிறியதாகவும் பொதுவானதாகவும் அமையவேண்டியதன் காரணங்களைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா
‘பொருளறியாமல் செய்யும் சிறப்பு, சிறப்பாகாது’ – இக்கூற்றைக் கருவை நல்லூர் நிகழ்வையும் உங்கள் பள்ளிச் சூழலையும் கொண்டு நிறுவுக.